வெளியூர்ல இருந்து குடும்பத்தோட கோயம்புத்தூருக்கு மாறுறீங்களா? வீடு கட்ட யார்கிட்ட குடுக்கலாம்னு ஒரு ஒப்பீடு

கோயம்புத்தூருக்கு குடும்பத்தோட மாறி வரணும், சொந்தமா ஒரு வீடும் வேணும்னு நெனைக்கறவங்களுக்கு இப்ப நாலு வழி இருக்குங்க. மனை வாங்கி மேஸ்திரிகிட்ட லேபர் கான்ட்ராக்ட் குடுக்கறது, உள்ளூர் இன்ஜினியர்கிட்ட மெட்டீரியலோட சேத்து ஃபுல் கான்ட்ராக்ட் குடுக்கறது, ஆன்லைன்ல சதுர அடி பேக்கேஜ் போட்டு விக்கற கம்பெனிகிட்ட குடுக்கறது, இல்லன்னா பில்டர் கட்டுற ஃபிளாட்டோ வில்லாவோ வாங்கிக்கறது. நாங்க பெங்களூர்ல இருந்து மாறி வந்தப்ப (பெரியவ அஞ்சாவது, சின்னவன் ரெண்டாவது, கூட முட்டி வலியோட எங்க அத்தை) இந்த நாலையும் விசாரிச்சோம், கொட்டேஷன் எல்லாம் வாங்கி டைனிங் டேபிள் மேல பரப்பி வெச்சு ஒவ்வொரு வரியா படிச்சோம். எல்லாருமே சதுர அடி ரேட்ல தான் பேச்ச ஆரம்பிப்பாங்க. வெளியூர்க்காரங்களுக்கு அத விட முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு, நீங்க ஊர்ல இல்லாத நாள்ல உங்க சைட்டுல உங்களுக்காக யாரு நிப்பாங்க? ரேட்ட கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு இந்த ஒரு கேள்விய வெச்சே நாலையும் பாக்கலாம்.

அதுக்கு முன்னாடி நாள் கணக்கு ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா நெறைய குடும்பம் மாட்டிக்கறது இதுல தான். இங்க ஸ்கூல் பெரும்பாலும் ஜூன்ல தொறக்கும், நல்ல ஸ்கூல்னா அட்மிஷன் வேலை முந்தின வருஷ கடைசியிலயே ஆரம்பிச்சுரும். கீழ மேல சேத்து ஒரு 1,800 சதுர அடி வீடுன்னா பத்து மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும், மழை புடிச்சா இன்னும் இழுக்கும். அப்புறம் ஆடி, புரட்டாசி, மார்கழில பெரியவங்க கிரகப்பிரவேசம் வெக்க விட மாட்டாங்க. ஆக "மே கடைசில சாவி குடுத்தர்றேன்"னு யாரு சொன்னாலும் அந்த ஒரு வார்த்தைய நம்பி பழைய ஊர்ல வாடகை வீட்ட காலி பண்ண தேதி குறிச்சிராதீங்க. மொதல்ல ஸ்கூல், அப்புறம் ஸ்கூலுக்கும் மனைக்கும் நடுவால ஒரு வாடகை வீடு, அதுக்கப்புறம் கட்டடம், இந்த வரிசையில வந்தா புள்ளைங்களுக்கு அலைச்சல் இல்ல. கர்நாடகால கன்னடம் படிச்ச புள்ளைங்க இங்க வந்து தமிழ் எழுதப் படிக்க கத்துக்கவே ஒரு வருஷம் போயிரும், அந்த நேரத்துல வீடும் ரெண்டு தடவ மாறுனா பாவம்ங்க.

மனை பத்தியும் ரெண்டு வார்த்தை, ஏன்னா நல்ல பில்டர் யாருன்னு கண்டுபுடிக்க மண்ணே ஒரு வழி. சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் பக்கமெல்லாம் பல எடத்துல கரிசல் மண்ணு, மழைக்கு உப்பும், வெயிலுக்கு சுருங்கி வெடிக்கும். அதுல சாதாரண அஸ்திவாரம் போட்டா ரெண்டே வருஷத்துல செவுரு கோணலா விரியும், அங்க ஆழமா தோண்டி கெட்டி மண்ணுல ஃபுட்டிங் (தூணுக்கு அடியில வர்ற கான்கிரீட் அடித்தளம்) வெக்கணும், இல்லன்னா அண்டர் ரீம்டு பைல் (ஆழத்துல எறக்கற, அடியில குமிழ் மாதிரி அகலமான கான்கிரீட் தூண்) போடணும், செலவு லட்சக் கணக்குல மாறும். வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் போனா மண்ணு வேற, ஆனா மலை அடிவாரத்துல சில கிராமங்க ஹாக்கா லிஸ்ட்ல வரும், மலைப்பகுதி பாதுகாப்புக் குழும அனுமதி இல்லாம அங்க கட்ட முடியாது. மனை வாங்கறதுக்கு முன்னாடி டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல், பட்டா, வில்லங்கம், தாய்ப்பத்திரம் எல்லாம் ஒரு வக்கீல் கிட்ட காட்டிருங்க. நான் சொல்ல வந்தது என்னன்னா, எந்த ஏரியா, என்ன மண்ணுன்னு கூட கேக்காம போன்லயே "சதுர அடிக்கு இவ்வளவு, அஸ்திவாரம் எல்லாம் அடங்கிருச்சு"ன்னு சொல்றவர அங்கயே விட்டுருங்க. எங்களுக்கு கொட்டேஷன் குடுத்தவங்கள்ல ஒருத்தர் மட்டும் தான் "மொதல்ல சாயில் டெஸ்ட் எடுங்க, ரிப்போர்ட் வந்தப்புறம் ரேட்டு சொல்றேன்"னாரு, அவர் மேல நம்பிக்க வந்ததே அங்க தான்.

இப்ப மேஸ்திரி லேபர் கான்ட்ராக்ட். சிமென்ட், கம்பி, செங்கல், எம்-சாண்ட், ஜல்லி எல்லாம் நாம வாங்கி எறக்கணும், அவரு கொத்தனாரு, சித்தாளு, சென்ட்ரிங் ஆளு, கம்பி கட்டுறவங்கள கூட்டிட்டு வந்து கட்டிக் குடுப்பாரு, கூலி மட்டும் சதுர அடி கணக்கு. எலக்ட்ரீஷியன், பிளம்பர், டைல்ஸ், பெயின்டிங் எல்லாம் தனி. செலவு இதுல தான் கம்மி, அதுல சந்தேகமே இல்ல. வரியும் ஒரு காரணம், தனி வீட்டுக்கு வெறும் கூலி கான்ட்ராக்ட்னா அந்தக் கூலிக்கு ஜிஎஸ்டி கெடையாது, மெட்டீரியலோட சேத்து குடுத்தா 18 சதவீதம். சிமென்ட்டுக்கும் 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆ எறங்கிருச்சு, நாமளே வாங்கறப்ப அந்த மிச்சம் நேரா நமக்கு. எங்க சித்தப்பா துடியலூர்ல இப்படித்தான் கட்டுனாரு, ரிட்டயர்டு ஆனவரு, காலைல ஏழு மணிக்கு டீ ஃபிளாஸ்க்கோட சைட்டுக்குப் போனா சாயங்காலம் ஆளுங்க கெளம்பினப்புறம் தான் வீட்டுக்கு வருவாரு, மூட்டை வந்தது போனது எல்லாம் நோட்டுல இருக்கும். வீடு அருமையா வந்துருக்கு, காசும் மிச்சம்.

ஆனா அந்த மிச்சம் சித்தப்பா அங்க நின்னதோட கூலி. எம்-சாண்ட் லோடு ஒரு நாள் தள்ளுனா ஆளுங்க அன்னிக்கு சும்மா உக்காருவாங்க, மறுநாள் வேற சைட்டுக்கு போயிருவாங்க, திரும்ப கூப்புட்டு வர ஒரு வாரம் ஆகும். செங்கலும் முன்ன மாதிரி கெடைக்கறதில்ல, தடாகம் பக்கம் சூளையெல்லாம் 2021-ல மூடினதுக்கப்புறம் வெளி மாவட்டத்துல இருந்து தான் நெறைய வருது, லோடுக்கு லோடு தரம் மாறும், எறக்கறப்ப ஒரு ஆளு பக்கத்துல நின்னு ரெண்டு கல்ல ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாக்கணும். தண்ணி விடறது அத விட பெரிய வேலை. ரூஃப் கான்கிரீட்டுக்கு பாத்தி கட்டி தண்ணி நிறுத்தணும், கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்றது சாதா ஓபிசி சிமென்ட்டுக்கு கொறஞ்சது 7 நாள், பிபிசி மாதிரி கலப்பு சிமென்ட்டுக்கு 10 நாள், வீட்டு வேலைக்கு இங்க பெரும்பாலும் எறங்கறது பிபிசி தான். வெள்ளிக்கெழம ராத்திரி பஸ் ஏறி சனி ஞாயிறு மட்டும் வந்து பாத்துட்டு போறவங்களால இதெல்லாம் புடிக்க முடியாது. உங்க அப்பாவோ மாமனாரோ உள்ளூர்ல இருந்து, அவருக்கு உடம்பும் ஒத்துழைச்சு, இஷ்டமும் இருந்தா மட்டும் இந்த வழி. பெரியவரு வாயில வேண்டாம்னு சொல்ல மாட்டாரு, அதனால அவரு உண்மையிலயே வெயில்ல நிக்க முடியுமான்னு நீங்க தான் யோசிக்கணும்.

அடுத்தது உள்ளூர் இன்ஜினியர்கிட்ட ஃபுல் கான்ட்ராக்ட். பிளான் போட்டு அப்ரூவல் வாங்கறதுல இருந்து சாவி குடுக்கற வரைக்கும் அவர் பொறுப்பு. 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500 சதுர அடிக்குள்ள வீடுன்னா 2024 ஜூலைல வந்த சுயசான்று திட்டத்துல ஆன்லைன்லயே அனுமதி வாங்கிறலாம், அஞ்சரை சென்ட்ல வீடு கட்டுற நம்மள மாதிரி குடும்பம் பெரும்பாலும் இதுக்குள்ள வந்துரும். இதுல கஷ்டம் அனுமதி இல்ல, கொட்டேஷன படிக்கறது தான்.

எங்க கைல இருந்த ரெண்டு கொட்டேஷன அப்படியே சொல்றேன். ஒருத்தர் சதுர அடி 2,150, இன்னொருத்தர் 2,500. 1,800 சதுர அடிக்கு மொதல் ஆளு 38,70,000, ரெண்டாவது ஆளு 45,00,000, வித்தியாசம் 6,30,000. எங்க வீட்டுக்காரர் மொதல் ஆளுக்கே குடுத்துரலாம்னு இருந்தாரு. அப்புறம் மூணாம் பக்கத்துல சின்ன எழுத்துல இருந்தத படிச்சோம். தண்ணித் தொட்டியும் செப்டிக் டேங்கும் தனி, லிட்டருக்கு 20 ரூவா, ரெண்டும் சேந்து 16,000 லிட்டர்னா 3,20,000. காம்பவுண்டு செவுரு தனி, ஓடற அடிக்கு 1,600, எங்க மனைக்கு 160 அடி, 2,56,000. கேட்டு தனி 60,000. கூட்டுனா 6,36,000, வித்தியாசம் அங்கயே தீந்துருச்சு. இது போக அவரு பேஸ்மென்ட் ஒயரம் (நெலத்துல இருந்து வீட்டுத் தரை வரைக்கும்) ரெண்டு அடி தான் போட்டிருந்தாரு, எங்க தெருவுல ரோடு மேல மேல ஏறிக்கிட்டே இருக்கு, கொறஞ்சது மூணரை அடி வேணும், அதுக்கு மண்ணு நெரப்பறது வேற. 2,500 சொன்னவரு இதெல்லாம் உள்ள வெச்சு, கம்பி எந்த கிரேடு, கான்கிரீட் பலம் எம்20-யா எம்25-ஆ, டைல்ஸ் சதுர அடிக்கு எவ்வளவு வரைக்கும், கதவு என்ன மரம், வயர் என்ன பிராண்டுன்னு நாலு பக்கத்துக்கு எழுதிக் குடுத்திருந்தாரு. போர்வெல் ரெண்டு பேர் கொட்டேஷன்லயும் இல்ல, அது நியாயம் தான், கோயம்புத்தூர்ல பல எடத்துல 800 அடி, 1,000 அடின்னு போகும், யாராலயும் முன்கூட்டி சொல்ல முடியாது.

ரேட்டுக்கு பக்கத்துல இன்னும் ரெண்டு கேள்வி கேட்டுருங்க. பால்கனி, போர்ட்டிகோ, மொட்டைமாடி ஹெட்ரூம் (படிக்கட்டுக்கு மேல வர்ற சின்ன ரூம்) எல்லாம் முழு ரேட்ல கணக்கா, பாதியா? அப்புறம் ஜிஎஸ்டி உள்ளயா வெளியவா? 45 லட்சத்துக்கு 18 சதவீதம்னா 8,10,000, இத கடைசி பில்லுல வந்து சேர்ந்தா ஒரு குடும்பத்தோட கிச்சன், வார்ட்ரோப் பட்ஜெட் மொத்தமும் போச்சு. "பில்லு வேண்டாம்னு சொல்லிருங்க, வரி இல்லாம முடிச்சரலாம்"னு சொல்றவங்களும் இருக்காங்க. அது தப்புங்கறது ஒரு பக்கம், நாளைக்கு செவுரு வெடிச்சு நுகர்வோர் ஆணையத்துக்கு போகணும்னா கைல ஒரு காகிதம் இருக்காது. இந்த மாதிரி தனி மனையில தனி வீடு கட்டிக் குடுக்கற ஆளு மேல ரெரால (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) போக முடியாது, நுகர்வோர் ஆணையம் தான் நம்ம வழி, அதனால அக்ரிமென்ட்டும் பில்லும் தான் ஒரே பலம்.

இன்ஜினியர எப்படி தேர்ந்தெடுக்கறதுன்னா, அவரு புதுசா முடிச்ச வீட்டப் பாக்காதீங்க, பெயின்ட் வாசம் போகாத வீடு எல்லாமே நல்லா தான் இருக்கும். மூணு நாலு வருஷம் ஆன வீட்டுக்கு கூட்டிட்டு போகச் சொல்லுங்க, முடிஞ்சா மழைக்காலத்துல. பாத்ரூம் செவுத்துக்கு அந்தப் பக்கம், ஜன்னலுக்கு கீழ, மொட்டைமாடி ஓரம், இந்த மூணு எடத்துல ஈரம் பூத்திருக்கான்னு பாருங்க. அந்த வீட்டம்மாகிட்ட தனியா "கடைசி வேலையெல்லாம் எப்படிங்க முடிச்சுக் குடுத்தாரு, கூப்புட்டா இப்பவும் வர்றாருங்களா"ன்னு கேளுங்க. அப்புறம் இப்ப நடக்கற சைட்டு ஒண்ணுக்கு சொல்லாம கொள்ளாம போங்க.

நாங்க அப்படி ரெண்டு சைட்டு போனோம். ஒண்ணுல தூணுக்கு பொட்டி அடைக்கற வேல நடந்துட்டு இருந்துச்சு, கம்பிக்கும் பலகைக்கும் நடுவால கவர் பிளாக்கே (கம்பி பலகையில ஒட்டாம தள்ளி நிறுத்தற சின்னக் கட்டி) இல்ல, சில எடத்துல கம்பி பலகைய தொட்டுட்டு நிக்குது. மேஸ்திரிகிட்ட கேட்டேன், "அதுக்குன்னு தனியா எதுக்குங்க அம்மிணி, ரெண்டு ஜல்லிய செருவுனா நின்னுக்கும்"னாரு. தூணுக்கு 40 மில்லிமீட்டர் கான்கிரீட் கம்பிய மூடி நிக்கணும், அது இல்லன்னா ஈரம் உள்ள போயி கம்பி துருப்புடிச்சு பத்து பதினஞ்சு வருஷத்துல மேல பொளந்துக்கிட்டு வரும், உப்புத்தண்ணி போர் இருக்கற எடத்துல இன்னும் சீக்கிரம். அடுத்த சைட்டுல தூணு ஒவ்வொண்ணுலயும் சாக்கு சுத்தி நனைச்சு வெச்சிருந்தாங்க, ஒவ்வொண்ணு மேலயும் கான்கிரீட் போட்ட தேதி சாக்பீஸ்ல எழுதியிருந்துச்சு. உள்ள ரூஃபுக்கு முட்டு நின்னுட்டு இருந்துச்சு, ஹால் பக்கம் ஸ்பேன் (ரெண்டு தாங்கலுக்கு நடுவால இருக்கற தூரம்) நாலரை மீட்டருக்கு மேல, அதுக்கு முட்டு 14 நாள் நிக்கணும். அந்தத் தேதியும் செவுத்துல எழுதியிருந்துச்சு. அங்க இன்ஜினியர் இல்ல, மேஸ்திரியும் சாப்பிட போயிருந்தாரு, யாரும் இல்லாத நேரத்துலயும் அந்த சைட்டு ஒழுங்கா இருந்துச்சு. வெளியூர்க்காரங்களுக்கு வேண்டியது இது தான்.

ஆன்லைன் பேக்கேஜ் கம்பெனிங்க பெங்களூர்ல இருந்தவங்களுக்கு நல்லா பழக்கம். பேசிக், ஸ்டாண்டர்டு, ப்ரீமியம்னு ரேட்டு போட்டு, எந்த சிமென்ட் எந்த குழாய்னு பிராண்டு லிஸ்ட்டோட, ஆப்ல தெனமும் போட்டோ வரும், எந்த வேல எந்தத் தேதில முடியும்னு சார்ட் வரும். ஆபீஸ்ல இருந்துக்கிட்டே பாக்கறதுக்கு இத விட வசதி இல்ல, அத நான் மதிக்கறேன், உள்ளூர் ஆளுங்ககிட்ட ஒரு போட்டோ வாங்கறதுக்கு நாலு தடவ போன் பண்ணணும். ஆனா உங்க சைட்டுல நிக்கறது அந்தக் கம்பெனி இல்லீங்க, அவங்க சப் கான்ட்ராக்ட் குடுத்த ஒரு உள்ளூர் ஆளு தான், உங்க ரேட்ல கம்பெனி பங்கு போக மிச்சத்துல அவரு கட்டணும். சைட் இன்ஜினியர் ஒருத்தருக்கே நாலஞ்சு சைட்டு இருக்கும், நடுவால வேல மாறிப் போயிருவாரு, புதுசா வர்றவருக்கு அத்தை பாத்ரூம்ல படி வேண்டாம், கைப்புடி வெக்க செவுத்துல பலம் வேணும்னு நீங்க சொன்னதெல்லாம் தெரியாது. சின்ன மாத்தம் கேட்டாக்கூட கூடுதல் பில்லு வரும். நீங்க கொடுக்கறது பெரிய கம்பெனிக்குன்னு நெனச்சாலும் அக்ரிமென்ட்ல கையெழுத்து போடறது யாரு, கோயம்புத்தூர்ல அவங்களுக்கு ஆபீஸ் இருக்கா, முடிஞ்சு ஒரு வருஷம் ஆன வீடு இங்க எத்தன இருக்குன்னு பாத்துட்டு தான் முடிவு பண்ணணும். இந்த ஊர்ல அவங்களுக்கு சொந்தமா டீம் இருந்தா மட்டும் யோசிக்கலாங்கறது என் கருத்து, பெங்களூர்ல நல்லா கட்டுனாங்கங்கறது இங்க செல்லாது, ஏன்னா கட்டுற கை வேற.

நாலாவது, பில்டர்கிட்ட ஃபிளாட்டோ வில்லாவோ. இதுல சட்டம் நம்ம பக்கம் கொஞ்சம் பலமா நிக்குது. 500 சதுர மீட்டருக்கு மேல மனையோ, எட்டுக்கு மேல வீடோ இருந்தா ரெரால பதிவு பண்ணித்தான் ஆகணும், வாங்கறவங்க பணத்துல 70 சதவீதம் தனி அக்கவுண்ட்ல போட்டு அந்த ப்ராஜெக்ட்டுக்கே செலவு பண்ணணும், அக்ரிமென்ட் பதிவு பண்ணாம 10 சதவீதத்துக்கு மேல அட்வான்ஸ் கேக்கக் கூடாது, சாவி வாங்கின 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறை வந்தா 30 நாளுக்குள்ள அவங்க செலவுல சரி பண்ணிக் குடுக்கணும், சொன்ன தேதில குடுக்கலன்னா வட்டி கேக்கலாம். தமிழ்நாடு ரெரா வெப்சைட்ல ப்ராஜெக்ட் நம்பர போட்டா முடிக்கற தேதி என்ன சொல்லியிருக்காங்கன்னு இருக்கும், சேல்ஸ் ஆளு சொல்ற தேதியோட ஒத்துப் பாருங்க. கட்டிட்டு இருக்கற ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி பெரும்பாலும் 5 சதவீதம், முடிஞ்சு கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வாங்கினதுக்கு ஜிஎஸ்டி இல்ல. புது ஃபிளாட் மொதல் விற்பனைக்கு பத்திரச் செலவும் கம்மி, 2023 டிசம்பர்ல இருந்து 50 லட்சம் வரைக்கும் முத்திரையும் பதிவும் சேத்து 6 சதவீதம், அதுக்கு மேல 3 கோடி வரைக்கும் 7 சதவீதம், வெறும் மனைக்கு 9.

ஆனா 1,400 சதுர அடின்னு சொல்ற ஃபிளாட்ல நடக்கற எடம் அவ்வளவு இருக்காது, கார்பெட் ஏரியா (வீட்டுக்குள்ள நிஜமா பொழங்கற எடம்) எவ்வளவுன்னு கேளுங்க, யூடிஎஸ் (நெலத்துல நம்ம பங்கு) எவ்வளவுன்னு கேளுங்க, பேச வேண்டிய நம்பர் இது ரெண்டும் தான். மாத்தம் பண்றதுக்கு எடமே இருக்காது. எங்க அத்தைக்கு லிஃப்ட் நின்னுட்டா மூணாவது மாடி கஷ்டம், ராத்திரி பவர் கட்டுல பேக்கப் லிஃப்ட்டுக்கு இருக்கான்னு பாக்கணும், தண்ணி லாரியா, இல்ல சிறுவாணி, பில்லூர் குடிநீர்த் திட்டத்து தண்ணியான்னு பாக்கணும். ஒரு பக்கம் வேல இப்பவே மாறுது, ஊர்ல யாரும் இல்ல, ரெண்டு பேரும் ஆபீஸ் போகணும், ஜூன்ல புள்ளைங்க ஸ்கூல்ல இருக்கணும்னா, முடிஞ்சு ரெடியா இருக்கற ஃபிளாட் தான் சரி, அங்க காத்திருக்கறதே இல்ல, கண்ணால பாத்து வாங்கறோம். பாதி கட்டுன ஃபிளாட் தான் எனக்கு ஒத்து வரல, அதுல வாடகையும் ஈஎம்ஐயும் சேந்து ஓடும், வேகத்துல நம்ம கை எதுவும் இருக்காது, லேட்டுக்கு வட்டி கேக்கலாம்னாலும் அத வாங்கறதுக்கு அலையறது நம்ம தான்.

பேங்க் லோன் போடறவங்க இன்னொண்ணு கவனிக்கணும். மனை வாங்கி கட்டுறவங்களுக்கு பேங்க் மொத்தமா பணம் குடுக்காது, பேஸ்மென்ட், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல வர்ற கான்கிரீட்), ரூஃப், பூச்சுன்னு ஒவ்வொரு கட்டமும் முடிஞ்சப்புறம் அவங்க இன்ஜினியர் வந்து பாத்துட்டு தான் ரிலீஸ் பண்ணுவாங்க, அதுவும் மொதல்ல உங்க பங்க செலவு பண்ணிக் காட்டணும். வீட்டு மதிப்புல லோன் 30 லட்சம் வரைக்கும் 90 சதவீதம், அதுக்கு மேல 75 லட்சம் வரைக்கும் 80, அதுக்கும் மேல 75 தான் அதிகபட்சம். கான்ட்ராக்டரோ ஒவ்வொரு கட்டமும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பணம் கேப்பாரு. இந்த ரெண்டுக்கும் நடுவால இருக்கற ரெண்டு மூணு லட்சம் கைல இல்லன்னா வேல நிக்கும், ஆளு போயிருவாங்க. அதனால அக்ரிமென்ட்ல பேமென்ட் கட்டங்கள பேங்க் கட்டத்தோட ஒத்து வர்ற மாதிரி எழுதிக்கணும், இத ஒத்துக்காத கான்ட்ராக்டர் கிட்ட பணம் சுத்தல்ல இல்லன்னு அர்த்தம், முந்தின சைட்டு பணத்துல உங்க சைட்ட ஓட்டற ஆளா இருக்கலாம்.

நாங்க எடுத்த முடிவு, 2,500 சொன்ன உள்ளூர் இன்ஜினியர். சாக்பீஸ் தேதி எழுதியிருந்தது அவரு சைட்டு தான். அதோட அவருக்கு சம்பந்தமே இல்லாத இன்னொரு இன்ஜினியர கட்டத்துக்கு ஒரு தடவ வந்து பாத்து எழுதித் தரச் சொல்லி தனியா ஃபீஸ் பேசுனோம். ஃபுட்டிங் கம்பி கட்டினப்புறம், பேஸ்மென்ட் பெல்ட் (அந்த மட்டத்துல சுத்தி ஓடற கான்கிரீட் பட்டை), ஒவ்வொரு ரூஃப் கான்கிரீட்டுக்கு முந்தின நாள், பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங் முடிச்சு தண்ணி நிறுத்தினப்புறம், இவ்வளவு தான். மொத்த செலவுல அது ரொம்பச் சின்னத் தொகை, ஆனா கான்ட்ராக்டருக்கும் நல்லது, நாங்க வாட்ஸ்அப்ல பாத்ததை வெச்சு தெரியாத விஷயத்துக்கெல்லாம் அவர கேள்வி கேட்டு தொல்ல பண்ணல. அவரும் மொதல்லயே "தாராளமா கூட்டிட்டு வாங்க, எனக்கும் ஒரு கண்ணு கூட இருந்தா நல்லதுங்க"ன்னு தான் சொன்னாரு. இந்த ஏற்பாட்ட சொன்னதும் மொகம் சுருங்குன ஆளு ஒருத்தரு இருந்தாரு, அவரு ரேட்டு எவ்வளவு கம்மியா இருந்தாலும் எங்களுக்கு வேண்டாம்னு ஆயிருச்சு. தை பொறந்ததும் பூமி பூஜை போடறதுன்னும் அப்பவே பேசிட்டோம், அப்பத்தான் ஐப்பசி மழைக்கு முன்னாடி ரூஃப் ஏறும், கரிசல் மண்ணு மனைன்னா மழையில குழி தோண்டவே கூடாது.

அக்ரிமென்ட்ல நாங்க விடாம எழுதி வாங்கினது இதெல்லாம். கடைசி 5 சதவீதம் ஒரு மழைக்காலம் முடிஞ்சப்புறம் தான் குடுப்போம். எந்தக் கூடுதல் வேலையா இருந்தாலும் ரேட்ட வாட்ஸ்அப்ல எழுதி நாங்க சரின்னு சொன்னப்புறம் தான் ஆரம்பிக்கணும், அத்தை சைட்டுக்கு வந்து "இங்க ஒரு அலமாரி வெச்சுருப்பா"ன்னு சொன்னாலும் அதே கணக்கு தான். டெம்ப்ரவரி கரண்ட் கனெக்ஷன் யாரு பேர்ல, பில்லு யாரு கட்டுறது, கட்டுற தண்ணி யாரு பொறுப்பு. தேதி தள்ளுனா மாசத்துக்கு எங்க வாடகை அளவுக்கு கழிவு, மழைக்கு இத்தன நாள் விலக்கு. அப்புறம் பூச்சு வேல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு செவுத்துலயும் பைப்பும் வயரும் போற வழிய ஸ்கேல் டேப் பக்கத்துல வெச்சு போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்பணும், ரூம் பேரு எழுதி. அத இப்ப ஒரு ஃபோல்டர்ல போட்டு வெச்சிருக்கோம், போன மாசம் கிச்சன்ல வாட்டர் ஃபில்டர் மாட்ட வந்த பையன் ட்ரில்ல எடுத்துட்டு எங்க ஓட்ட போடலாம்னு கேட்டப்ப போன்ல அந்தப் படத்த காட்டித்தான் எடம் சொன்னோம்.